நியூயோர்க்கா, ஹூஸ்டனா?

அமெரிக்காவில் குடியேறப் போகிறவர் எந்த நகரம் நல்லது என்று கேட்டால், வியாபாரியான நான் முதலில் வரிக் கணக்கைத்தான் விரிப்பேன். மத்திய அரசுக்குக் கட்டுவது எங்கும் ஒன்றுதான். நியூயோர்க்கில் அதற்கு மேல் மாநிலத்துக்கும் மாநகரத்துக்கும் வருமான வரி. ஹூஸ்டன் இருக்கும் டெக்சாஸில் அந்த இரண்டுமே இல்லை. வீட்டு வாடகையும் நன்றாகக் குறைவு. இதைக் கேட்டவுடனேயே பலர் பெட்டி கட்டி விடுகிறார்கள்.

பொறுங்கள். நியூயோர்க்கில் 1904 முதல் ஓடும் சுரங்க ரயில் இன்று இரவு பகலாக ஓடுகிறது. பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் கார் கிடையாது. ஹூஸ்டனிலோ பெரும்பாலான இடங்களில் கார் இல்லாமல் பால் வாங்கவும் போக முடியாது. கணவன், மனைவி இருவரும் வேலை என்றால் இரண்டு கார். தவணை, காப்புறுதி, பெற்றோல் எல்லாம் இரட்டிப்பு. வீடு வாங்கினால் ஆதன வரி கடுமை. 2017இல் ஹார்வி புயல் மழையில் வெள்ளம் புகுந்த வீடுகள் பலவற்றுக்கு வெள்ளக் காப்புறுதியே இருக்கவில்லை. வீட்டுத் தரகர் இதையா முதலில் சொல்லப் போகிறார்?

ஆனாலும் சொந்தமாகக் கடை போட நினைப்பவருக்கு ஹூஸ்டன்தான் என்பேன். எது கடைத்தெரு, எது குடியிருப்பு என்று நகரைப் பிரிக்கும் வலயச் சட்டம் அங்கு இல்லை. காணி உறுதியில் தடை உண்டா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். கையில் முதல் இல்லாமல் சம்பளத்துக்குப் போகிறவர், நியூயோர்க்கில் நாலு பேரோடு அறையைப் பங்கு போட்டுக்கொண்டு ரயிலில் போய் வரட்டும்.