பட்டியும் பட்டமும்

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்னும் பொருளும் தமிழில் உண்டு. ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் தனித் திணைகளாக வகுத்த இலக்கணம் தமிழருடையது. அத்தகைய மொழியிலேதான், பாடம் ஒப்புவியாத மாணவனை நோக்கி, ‘நீ மாடு மேய்க்கத்தான் தகுதி’ என்று ஆசிரியர் சினந்துரைக்கும் வழக்கமும் வேரூன்றியுள்ளது. ஆசிரியர் உலகம் இவ்வசையைக் கைவிடுதல் நன்று. மாட்டை அறிதல் இன்று பல்கலைக்கழகத்தின் உயர்ந்த வகுப்புகளில் நிகழும் கல்வியாகும்.

அக்கல்வியின் பெயர் விலங்கு விஞ்ஞானம். இதனை விலங்கியலோடும் கால்நடை மருத்துவத்தோடும் மயங்கக் கொள்வோர் பலர். விலங்கியல் உயிரினங்களின் அமைப்பையும் வாழ்வையும் ஆராய்வது. கால்நடை மருத்துவம் நோய் தீர்ப்பது. மனிதன் வளர்க்கும் விலங்கு எதனை உண்கின்றது, எவ்வாறு செரிக்கின்றது, எவ்வளவு பாலும் இறைச்சியும் உழைப்பும் தருகின்றது, அதன் இனத்தை எவ்வாறு மேம்படுத்தலாம் என்பனவே விலங்கு விஞ்ஞானத்தின் வினாக்கள். இலங்கையில் கால்நடை மருத்துவப் பட்டம் பேராதனையில் மட்டுமே பெறத்தக்கது. விலங்கு விஞ்ஞானமோ விவசாய பீடங்களின் ஒரு துறையாகப் பேராதனையிலும், கிளிநொச்சியில் அமைந்த யாழ்ப்பாணப் பல்கலைக்கழக பீடத்திலும், பிறவிடங்களிலும் கற்பிக்கப்படுகின்றது. 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்தாறுமூலையில் தொடங்கி, 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த கலைக்கூடத்திலும் அத்துறை உண்டு. பட்டத்தின் மேற்பட்ட படிப்புக்கு, 1975இல் பேராதனையில் நிறுவப்பெற்ற விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவகமே பெருவாயில். பாடநெறி வழியான முதுமாணி, ஆய்வு வழியான முதுதத்துவமாணி, அதற்கும் மேலான கலாநிதி என அங்கே படிகள் உள.

இப்படிகளில் ஏற முனையும் ஒருவர்க்குச் சொறிக்கல்முனை போன்ற ஊர் எவ்வகையில் உதவும்? கல்முனைக்கு மேற்குப் புறத்தே வயல்கள் சூழ அமைந்த சிற்றூர் அது. மாரி பெருகினால் கிட்டங்கித் தாம்போதியின்மேல் வெள்ளம் பாயும். கல்முனைப் போக்குவரத்துத் தடைப்படும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் இப்பகுதியில் நெற்செய்கை விரிந்தது. மேய்ச்சல் நிலம் சுருங்கியது. உழவிலும் சூடு மிதித்தலிலும் எருமை செய்த பணியை உழவு இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பெரும்போக வேளாண்மை வட்டையில் நிற்கும் காலத்துப் பட்டிகள் தொலைதூரக் காட்டோர மேய்ச்சல் தரைகளுக்குச் செல்லும். அறுவடையானபின் தாள் மேய மீளும். அங்ஙனம் மீளும்போது களத்தில் வைக்கோல் எரிந்துகொண்டிருப்பதைக் காணலாம். பசித்த மாடும் எரியும் வைக்கோலும் ஒரே வயலில் நிற்கும் இக்காட்சியே ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதிய பொருளாகும்.

காரணம் வருமாறு. அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் எண்ணிறந்த நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. நார்ப்பொருளைச் செரிப்பவை அவையே. மாடு அவற்றின் உழைப்பால் வாழ்கின்றது. அவை பெருகுவதற்கு நைதரசன் வேண்டும். நெல் வைக்கோலிலோ புரதம் நூற்றுக்கு ஏறத்தாழ 4 பங்கே. அதன் நாரும் இலிக்னின் என்னும் பொருளால் இறுகியுள்ளது. 4 கிலோகிராம் யூரியாவை 100 லீற்றர் நீரிற் கரைத்து, 100 கிலோகிராம் வைக்கோலில் தெளித்து, காற்றுப்புகாது மூடிச் சில நாள் வைத்தால், யூரியா அமோனியாவாக மாறி நாரின் இறுக்கத்தைத் தளர்த்தும்; நைதரசனும் கூடும். புரத அளவு ஏறத்தாழ இருமடங்காகும். இம்முறை இலங்கையில் 1980ஆம் ஆண்டுகளிலேயே விரிவாக ஆராயப்பட்டது. ஆயினும் உழவர் அதனைப் பெரிதும் ஏற்கவில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் மட்டுமே கறக்கும் நாட்டுப் பசுவுக்காக யூரியா வாங்கி, நீர் சுமந்து, மூடிக் காப்பது அவர்க்குக் கட்டுபடியாகுமா? 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது நெல்லுக்கே யூரியா கிட்டவில்லை. ஆய்வுகூடத்தில் மெய்யானது பட்டியில் ஏன் நிற்கவில்லை என்பதை ஆராய்வதும் விலங்கு விஞ்ஞானமே. வைக்கோலின் இரசாயனத்தைவிட இதுவே கடினமான பகுதி எனலாம்.

2022 டிசம்பரில் மண்டூஸ் புயலையொட்டி வீசிய குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் மடிந்தன. குளிரழுத்தமே காரணம் எனக் கூறப்பட்டது. இரைப்பையில் உணவு நொதிக்கும்போது எழும் வெப்பம் மாட்டின் உடலைக் காக்கும் ஓர் அரண். வயிறு காய்ந்த மாட்டுக்கு அவ்வரண் இல்லை. மாரியில் மேய்ச்சல் தரை நீரில் மூழ்கும்போது தீவனம் எங்கிருந்து வரும் என்னும் வினாவை இவ்விழப்பு மீண்டும் எழுப்பியது. மாரியோடு வரும் மற்றொரு கேடு தொண்டை அடைப்பான். இலங்கை ஆய்வாளர் எம். சி. எல். டி அல்விஸ் இந்நோய் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்து, நலமாகத் தோன்றும் எருமைகளின் தொண்டைச் சுரப்பியில் நோய்க்கிருமி மறைந்திருத்தலை விளக்கினார். அது மருத்துவத் துறையின் ஆய்வேயாயினும், மந்தையை அறியாதார்க்கு எட்டாத உண்மை.

இத்தகைய துறையைத் தேடி வருவோர் சிலரே. உயிரியற் பிரிவில் முதன்மை பெறுவோர் மருத்துவத்தை நாடுவர். அது தவறினோரே பெரும்பாலும் விவசாய பீடம் புகுவர். வேண்டா மனத்தோடு புகுந்தவர் விளங்கமாட்டார் என எண்ணுதல் வேண்டாம். 1921இல் கள்ளிக்கோட்டையிற் பிறந்த வர்கீஸ் குரியன் சென்னை இலயோலாக் கல்லூரியிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்றவர். அரசாங்கப் புலமைப்பரிசில் பாற்பண்ணைப் பொறியியலுக்கெனக் கிடைத்தமையால், அதில் நாட்டமின்றியே அமெரிக்காவில் மிச்சிகன் சென்று 1948இல் முதுமாணியானார். மறு ஆண்டு குஜராத்தின் ஆனந்துக்கு வந்ததும் விருப்பத்தினால் அன்று. எருமைப்பாலைப் பாற்பொடியாக்க இயலாது என்று மேனாட்டு வல்லுநர் கூறியதை, அங்கே அவருடைய தோழர் எச். எம். தலாயா பொய்யாக்கிக் காட்டினார். பால்மாவுக்கு அயல்நாட்டை நம்பி, 2021, 2022ஆம் ஆண்டுகளில் கடைவாயிலில் வரிசை நின்ற இலங்கையர் இவ்வரலாற்றை அறிதல் தகும்.

கிழக்கின் மாணவர்க்கு இடர்கள் பல. பேராதனை தொலைவு, ஆய்வேடு ஆங்கிலத்தில் எழுதப்பட வேண்டும், உத்தியோகம் பார்த்துக்கொண்டே பயில்வோர்க்கு விடுமுறை அரிது. எனினும் நகரத்து மாணவர்க்கு வாய்க்காத ஒரு வாய்ப்பு இவர்க்கு உண்டு. இனவிருத்தி ஆய்வுக்கு வேண்டிய முதற் பொருள் வம்சாவளிப் பதிவு. பட்டி மாட்டின்மேற் சுட்ட குறி அதன் உடையவரைக் காட்டும், தாயைக் காட்டாது. எந்த நாகு எந்தப் பசுவின் ஈற்று, அது எத்தனை மாரி கண்டது, எந்த ஆண்டு கன்றை இழந்தது என்பன முதிய பட்டிக்காரரின் நினைவில் மட்டுமே உள்ளன. அவர் தமிழிற் சொல்ல, அருகிருந்து குறிப்பேட்டில் எழுதிக்கொள்ள ஒருவர் வேண்டும்.