பிள்ளை சொல்லாத குறை

கரும்பலகையைப் பார்த்தெழுதத் தடுமாறும் பிள்ளையை ‘மந்தம்’ என்று எளிதிற் கூறிவிடுகிறோம். அப்பிள்ளைக்குக் கரும்பலகை தெளிவாகத் தெரிகிறதா என்று நம்மில் எத்தனை பேர் விசாரிக்கிறோம்?

பார்வைக் குறையைக் குழந்தை தானாகச் சொல்வது அரிது. என்றும் மங்கலாகவே கண்ட குழந்தை, உலகமே அப்படித்தான் என்று எண்ணிக்கொள்கிறது. ஒரு கண்ணில் மட்டும் குறையிருந்தாலோ, மற்றக் கண்ணின் துணையால் ஓடியாடி விளையாடும். பெற்றோருக்கு ஐயமே எழாது. ஆனால், மங்கிய கண் அனுப்பும் காட்சியை மூளை நாளடைவில் ஒதுக்கிவிடுகிறது. இதனையே சோம்பற்கண் என்பர். ஏழு வயதுக்குள் கண்டறிந்தால், கண்ணாடி அணிவித்தும், வைத்தியர் சொற்படி நல்ல கண்ணை நாள்தோறும் சில மணிநேரம் மூடிவைத்தும் பார்வையைப் பெரும்பாலும் மீட்கலாம். பிந்தினால் மீட்பது கடினம்.

சோதனையோ எளிது. 1862இல் ஒல்லாந்து வைத்தியர் ஸ்நெல்லன் வகுத்த எழுத்து அட்டையை 6 மீற்றர் தூரத்திலிருந்து வாசிக்கச் செய்வர். எழுத்தறியாத நான்கு வயதுப் பிள்ளைக்கும் வழியுண்டு. மூன்று பற்களுடைய சீப்புப் போன்ற குறியின் பற்கள் எத்திசையை நோக்குகின்றன என்று கையாற் காட்டினாற் போதும். ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே சோதிப்பதே முக்கியம்.

தாய்மாரே! வாக்குக்கண், புத்தகத்தை முகத்தோடு ஒட்டிப் பிடித்தல், தலையைச் சாய்த்துப் பார்த்தல் ஆகியவற்றைக் கண்டால், ‘வளர வளரச் சரியாகிவிடும்’ என்றிராமல் கண் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்மணியில் வெண்மை தோன்றினால் ஒரு நாளும் தாமதியாதீர்கள். அறிகுறி ஒன்றும் இல்லாவிடினும், பள்ளியிற் சேர்க்குமுன் ஒருமுறை சோதிப்பியுங்கள். பிள்ளையைக் கடிந்துகொள்ளுமுன், அதன் கண்ணைக் கவனிப்போமாக.