கம்ப்யூட்டரில் ஒரே சமயத்தில் பல கோளாறுகள்: முதலில் எதைப் பார்ப்பது?



முன்பெல்லாம் பேரேடும் சிட்டாவும் இருந்த மேஜையில் இன்று நம்மில் பலருக்குக் கம்ப்யூட்டர் இருக்கிறது. பகல் முழுவதும் கடையில் நின்றுவிட்டு, இரவில் வீட்டில் உட்கார்ந்து அன்றைய கொள்முதல், விற்பனை, பற்று வரவு எல்லாவற்றையும் அதில் ஏற்றுகிறோம். 2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு இந்த வேலை இன்னும் கூடிவிட்டது. அந்தக் கம்ப்யூட்டர் ஒரு நாள் படுத்துவிட்டால் போவது பெட்டியின் விலை மட்டுமல்ல. செவ்வாய்ப்பேட்டையில் நாம் யாருக்குத் தர வேண்டும், ஆத்தூரிலும் ராசிபுரத்திலும் எந்தக் கடைக்காரர் நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற கணக்கே போய்விடும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆம் பிரிவோ, ஆண்டுக் கணக்கறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. "கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது" என்று அதிகாரியிடம் சொன்னால் செல்லாது.

ஒரு பாகம் மட்டும் கெட்டால் கண்டுபிடிப்பது எளிது. பல கோளாறுகள் சேர்ந்து வரும்போதுதான் தொல்லை. ஒரு நாள் தேதி தவறாகக் காட்டும். மறுநாள் வேலை நடுவில் தானாக அணைந்து எழும். அடுத்த வாரம் கணக்குக் கோப்பு திறக்காது. பிறகு திரையே வராது. பழுது பார்க்க வருபவர் முதலில் ராம் போய்விட்டது என்பார், பிறகு ஹார்ட் டிஸ்க் என்பார், கடைசியில் மதர்போர்டு என்பார். மூன்றையும் மாற்றியும் கோளாறு தீராமல் நிற்பவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

நம் தொழிலையே எடுத்துக்கொள்வோம். குடோனில் ஒரே வாரத்தில் துவரம் பருப்பு, சர்க்கரை, கோதுமை மாவு மூன்றும் கெட்டுப்போனால், மூன்று மில்காரர்களையும் சந்தேகப்படுவோமா? அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்போம். கம்ப்யூட்டருக்கும் அதே வழிதான். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பாகங்கள் ஒரே சமயத்தில் கெட்டால், அவை எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்று முதலில் பார்க்க வேண்டும். எல்லாப் பாகங்களுக்கும் பொதுவானவை இரண்டுதான்: மின்சாரம் ஒன்று, சூடும் தூசியும் மற்றொன்று.

கணக்கை முதலில் காப்பாற்றுங்கள்

பழுது பார்க்கும் முன் செய்ய வேண்டியது இது. ஹார்ட் டிஸ்கிலிருந்து "டிக் டிக்" என்று ஓசை வந்தால் மறுபடி மறுபடி போட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு முறை சுழலும்போதும் சேதம் கூடும். டிஸ்கைக் கழற்றி, நல்ல நிலையிலுள்ள வேறொரு கம்ப்யூட்டரில் இணைத்து, கணக்குக் கோப்புகளைப் பிரதி எடுத்துவிட வேண்டும். இப்போது வரும் எஸ்.எஸ்.டி. வகை டிஸ்குகள் ஓசையே இல்லாமல் போய்விடும். பிரதி கைக்கு வரும் முன் "பார்மட் செய்துவிடலாம்" என்று யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

நம் தெருக்களுக்கு வருவது மும்முனை மின்சாரம். ஒரு முனைக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட். இரண்டு முனைகளுக்கு இடையே ஏறக்குறைய 400 வோல்ட். கம்பத்திலோ மீட்டர் பலகையிலோ நியூட்ரல் கம்பி தளர்ந்துவிட்டால் இந்தக் கணக்கு குலைந்துபோகும். ஒரு வீட்டுக்கு 230-க்கு மிக அதிகமாகவும், பக்கத்து வீட்டுக்கு மிகக் குறைவாகவும் மின்சாரம் பாயும். சில விளக்குகள் கண்ணைப் பறிப்பதும், சில மங்குவதும் இதன் அடையாளம். அப்போது மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குச் சொல்ல வேண்டும்.

ராசிபுரம் பக்கத்து மளிகைக்காரர் ஒருவர் வீட்டில் ஒரே மாலையில் டி.வி.யும் கம்ப்யூட்டரும் நின்றன. கம்ப்யூட்டருக்கு மூன்று பாகங்கள் மாற்ற வேண்டும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் அவசரப்படாமல் எலக்ட்ரீசியனை அழைத்தார். மீட்டர் பலகையில் நியூட்ரல் தளர்ந்து கருகியிருந்தது. அதைச் சரி செய்த பிறகு சோதித்தபோது கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே போயிருந்தது. நியூட்ரலைப் பார்க்காமல் புதுப் பாகங்களைப் போட்டிருந்தால் அவையும் போயிருக்கும்.

அடுத்தது எர்த். எலக்ட்ரீசியன் மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியைத் தொட்டால் கையில் சுரீர் என்றால் எர்த் வேலை செய்யவில்லை என்று பொருள். நம் பக்கத்துக் கோடையில் மண் வறண்டால் எர்த் குழியின் பலன் குறையும். குழிக்குத் தண்ணீர் ஊற்றி ஈரமாக வைக்க வேண்டும்.

மூன்றாவது யூ.பி.எஸ். இதன் பேட்டரி பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே உழைக்கும். பேட்டரி செத்த யூ.பி.எஸ். மின்சாரம் ஒரு நொடி தடுமாறினாலும் கம்ப்யூட்டரை அணைத்துவிடும். பழியோ கம்ப்யூட்டர் மேல் விழும். யூ.பி.எஸ்.ஸில் ஒரு விளக்கை மட்டும் செருகி, சுவர் ஸ்விட்சை அணைத்துப் பாருங்கள். விளக்கும் உடனே அணைந்தால் முதலில் பேட்டரியைத்தான் பார்க்க வேண்டும்.

எஸ்.எம்.பி.எஸ். என்னும் தராசு

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை எஸ்.எம்.பி.எஸ். 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றி எல்லாப் பாகங்களுக்கும் பங்கிட்டுத் தருகிறது. மஞ்சள் கம்பியில் 12, சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, கறுப்பு தரைக் கம்பி. ஐந்து சதவீதம் வரை ஏற்ற இறக்கம் இருக்கலாம். அதாவது 12 வோல்ட் கம்பியில் 11.4-க்குக் குறையவும் 12.6-ஐத் தாண்டவும் கூடாது. 5 வோல்ட் கம்பியில் 4.75 முதல் 5.25 வரை.

தராசு தவறினால் எடை போட்ட சரக்கெல்லாம் தவறும். எஸ்.எம்.பி.எஸ். தவறினால் ராமில் பிழை வரும், டிஸ்க் தடுமாறும், கம்ப்யூட்டர் தானாக அணையும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, வேலை ஏறியதும் வோல்ட்டேஜ் இறங்கும் எஸ்.எம்.பி.எஸ்.களும் உண்டு. ஆகவே கம்ப்யூட்டர் ஓடும்போதே அளக்கச் சொல்ல வேண்டும். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் நாமாகத் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கண்ணால் பார்த்தே தெரிவது

மதர்போர்டில் சிறு உருளைகளாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். இவற்றின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, பழுப்பு நிறக் கசிவு தெரிந்தாலோ அவை போய்விட்டன. 2000-க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் குறைபாடுள்ள கெப்பாசிட்டர்கள் உலகம் முழுவதும் பல நிறுவனங்களின் மதர்போர்டுகளில் ஏறி, லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைக் கெடுத்தன. டெல் நிறுவனம் இதற்காக 2005-இல் 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. வெளியே பார்த்தால் வெவ்வேறு கோளாறு. உள்ளே காரணம் ஒன்றுதான். இப்போதைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் திரவமில்லாத கெப்பாசிட்டர்கள் வருகின்றன. ஆனாலும் பழைய பெட்டி வைத்திருப்பவர்கள் ஒரு முறை டார்ச் அடித்துப் பார்ப்பது நல்லது.

இத்துடன் தூசியையும் பாருங்கள். கடையை ஒட்டிய வீடென்றால் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மாவுத் தூசி எல்லாம் உள்ளே போய்ப் படியும். ஃபேன் அடைத்துக்கொண்டால் பிராசஸர் சூடேறித் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். கெப்பாசிட்டருக்குப் பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மென்மையான தூரிகையாலும் ஊதுகருவியாலும் சுத்தம் செய்தால் போதும்.

ஒவ்வொன்றாகச் சேர்ப்பது

மின்சாரமும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் சரி என்று உறுதியான பிறகே பாகங்களைச் சோதிக்க வேண்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மதர்போர்டு, பிராசஸர், ஒரே ஒரு ராம் இவற்றை மட்டும் வைத்து ஓட்ட வேண்டும். ஓடினால் அடுத்த ராம், பிறகு டிஸ்க், பிறகு மற்றவை என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். எதைச் சேர்த்ததும் கோளாறு திரும்புகிறதோ, அதன் மேல்தான் சந்தேகம். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எதனால் சரியானது என்றே தெரியாது. ஒவ்வொரு படியையும் ஒரு தாளில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

ஒரு கோளாறு கிடைத்ததும் நின்றுவிடவும் கூடாது. பெரிய கோளாறு சின்னதை மறைத்திருக்கும். சரி செய்த பிறகு முழு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது முறை.

சில்லறைச் செலவில் தீருபவையும் உண்டு. திரை வராமல் "பீப்" ஒலி வந்தால், ராமைக் கழற்றி அதன் பொன்னிற விளிம்பை ரப்பரால் மெல்லத் துடைத்துப் போட்டாலே பல முறை சரியாகும். தேதி மாறிப் போவதற்குக் காரணம் மதர்போர்டிலுள்ள 3 வோல்ட் சில்லு பேட்டரி. அதன் எண் சி.ஆர். 2032. இது தீர்ந்தால் பில்லில் பழைய தேதி விழும், ஜி.எஸ்.டி. தளம்கூடத் திறக்க மறுக்கும். இன்டர்நெட் கெட்டது என்று அலைவதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

எப்போது விட்டுவிடுவது?

மதர்போர்டும் இன்னொரு பாகமும் சேர்ந்து போய், பெட்டி ஏழெட்டு ஆண்டு பழையது என்றால், பழுதுச் செலவைப் புதியதன் விலையோடு ஒப்பிட வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதையும் கணக்கில் சேருங்கள். பழைய பெட்டியைக் கழிக்கும்போது டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். நம் வாடிக்கையாளர் கணக்கு பிறர் கைக்குப் போகக் கூடாது.

சித்திரை, வைகாசியில் இடி மழை வரும்போது மின் பிளக்கையும் இன்டர்நெட் கேபிளையும் பிடுங்கி வைப்பது நலம். வாரம் ஒரு நாள் கணக்கை வெளி டிஸ்கில் பிரதி எடுத்து, அதைக் கம்ப்யூட்டர் இருக்கும் அறையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். பெட்டி போனால் வேறு வாங்கலாம். இருபது வருடப் பற்று வரவை எந்தக் கடையிலும் வாங்க முடியாது என்பதை உறுப்பினர்கள் அனைவரும் மனதில் கொள்ள வேண்டுகிறோம்.