லண்டனில் இருந்து குமணன்சாவடி... எத்தனை மணி நேரம்? செயலிகள் காட்டாத கணக்கு!

“பையன் எப்போ வந்து சேருவான்?”

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் வீட்டில் ஒரு துக்கம் நடந்தால், ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், பூந்தமல்லி பக்கம் அப்படிப்பட்ட வீடுகளுக்கு இப்போது குறைவில்லை. உடனே யாராவது ஒருவர் மொபைலை எடுத்து, “பத்தரை மணி நேரம்னு போட்டிருக்கு” என்பார். அது விமானம் பறக்கும் நேரம் மட்டும்தான்!

சென்னை - லண்டன் தூரம் சுமார் 8,200 கிலோமீட்டர். உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துக் கட்டினால் வரும் தூரம் இது. அந்த நூல் பாகிஸ்தான் மேலே போய், பாதி வழியில் காஸ்பியன் கடலைத் தொட்டு, உக்ரைனைக் கடந்து லண்டன் சேரும். சிக்கலே அங்கேதான். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியதில் இருந்து உக்ரைன் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தானும் இந்திய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. எங்கோ நடக்கும் சண்டைக்கு, நம் வீட்டுப் பிள்ளை சுற்றிக்கொண்டு வர வேண்டியிருக்கிறது.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. உயரத்தில் மேற்கில் இருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று, ஊருக்கு வரும்போது முதுகில் தள்ளிவிடும். போகும்போது எதிர்த்து நிற்கும். அதனால்தான் லண்டன் போகும் நேரத்தைவிடத் திரும்பி வரும் நேரம் குறைவு.

ஒரு சுவாரஸ்யம்... சென்னையில் இருந்து துபாயும் சிங்கப்பூரும் கிட்டத்தட்ட ஒரே தூரம்தான். இரண்டுமே சுமார் 2,900 கிலோமீட்டர், நான்கு மணி நேரத்தை ஒட்டிய பயணம்.

அமெரிக்கா என்றால் கணக்கே வேறு. 2021 ஜனவரியில், கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் முழுக்கப் பெண்களே இயக்கிய ஏர் இந்தியா விமானம், சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்து வட துருவம் வழியாகப் பெங்களூரு வந்தது. பறந்த நேரம் சுமார் 17 மணி. ஆனால், 9-ம் தேதி இரவு கிளம்பிய விமானம் இங்கே தரையிறங்கியது 11-ம் தேதி அதிகாலை! நடுவில் ஒரு நாளை விழுங்கியது நேர வித்தியாசம். “சனிக்கிழமை கிளம்பிட்டேன்” என்று மகள் சொன்னால், அது யாருடைய சனிக்கிழமை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னைக்கு அமெரிக்காவில் இருந்து நேரடி விமானம் கிடையாது. துபாய், தோஹா என்று எங்காவது மாறித்தான் வர வேண்டும். அவசரத்தில் மலிவாகக் கிடைக்கிறதே என்று இரண்டு தனித்தனி டிக்கெட் போடுவது ஆபத்து. முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாக இருந்தால், அடுத்த விமானத்தில் இடம் பார்த்துக் கொடுப்பது பொதுவாக அவர்கள் வேலை.

விமான நேரத்தோடு, கிளம்பும் ஊரில் வீட்டில் இருந்து ஏர்போர்ட் போகும் நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாக இருப்பது, மாறும் ஊரில் காத்திருப்பு, மீனம்பாக்கத்தில் குடியேற்றச் சோதனை, பெட்டி வருவது எல்லாவற்றையும் கூட்டுங்கள். லண்டன் நேரடி விமானம் என்றாலே 16 மணி நேரத்தைத் தொட்டுவிடும். அமெரிக்கா என்றால் ஒன்றரை நாள் வைத்துக்கொள்ளலாம். உறவினர்களுக்குக் காரிய நேரம் சொல்லும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

கடைசியாக மீனம்பாக்கம் - குமணன்சாவடி. 20 கிலோமீட்டர்கூட இல்லை. அதிகாலையில் இறங்கினால் முக்கால் மணி நேரத்துக்குள் வீடு. காலை ஒன்பது மணிக்கு இறங்கினால், அது போரூர் டிராஃபிக்கின் கையில்!