பூனை ஏன் அழுகிறது?

இரவு மணி 2. மும்பை தாராவியில் ஒரு சால். காலை ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் அப்போதுதான் கண் அயர்ந்திருக்கிறார்கள். மாடிப்படிக்குக் கீழே பச்சைக் குழந்தை வீரிட்டு அழுவதுபோல் ஒரு சப்தம். திடுக்கிட்டு எழுகிறார்கள். குழந்தை அல்ல, பூனை!

“சனியன், அழ ஆரம்பித்துவிட்டது. என்ன கேடு வரப்போகிறதோ!” என்கிறாள் பாட்டி. ஒருவர் செம்புத் தண்ணீரை வீசுகிறார். வீட்டில் நோயாளி படுத்திருந்தால் கேட்கவே வேண்டாம். யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. ஆனால் எல்லார் கண்ணும் அந்தப் படுக்கையின் பக்கம் திரும்பும். படுத்திருப்பவருக்கும் அது புரியும்.

பாவம், பூனைக்கு நோயாளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. அது தன் காரியமாக அழுகிறது. என்ன காரியம் என்பதைக் கொஞ்சம் கவனித்தால் நாமே தெரிந்துகொள்ளலாம்.

16 வகைக் குரல்

அமெரிக்காவைச் சேர்ந்த மில்ட்ரெட் மோல்க் என்ற பெண்மணி பூனைகளின் குரலை ஆராய்ந்து 1944-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். பூனை 16 வகையாகக் குரல் கொடுக்கிறது என்று கணக்கிட்டு, அவற்றை 3 பிரிவாகப் பிரித்தார். வாயை மூடிக்கொண்டு எழுப்பும் ‘குர்ர்ர்’ ஒரு பிரிவு. வாயைத் திறந்து மெல்ல மூடும்போது வரும் ‘மியாவ்’ இரண்டாவது. வாயை இறுக்கித் திறந்தபடியே வைத்து எழுப்பும் சீறலும் உறுமலும் மூன்றாவது.

இதில் ஒரு வேடிக்கை. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் ‘மியாவ்’ சொல்லிக்கொள்வது அபூர்வம். குட்டி தாயைக் கூப்பிடும் குரல் அது. வளர்ந்த பிறகு அந்தக் குரலைப் பெரும்பாலும் மனிதர்களிடம்தான் பயன்படுத்துகிறது. சோறு போடும் கையைத் தாயாக நினைக்கிறதோ என்னவோ!

கொஞ்சலில் ஒரு கோரிக்கை

மடியில் படுத்துப் பூனை ‘குர்ர்ர்’ என்றால் சந்தோஷம் என்று எண்ணுகிறோம். பெரும்பாலும் அது சரியே. பிறந்த குட்டிக்கு முதல் நாட்களில் கண்ணும் திறக்காது, காதும் சரியாகக் கேட்காது. தாயின் இந்தக் குரலை அதன் உடம்பின் அதிர்வாகவே உணர்ந்து, குட்டி பால் குடிக்க ஒட்டிக்கொள்கிறது.

ஆனால் அடிபட்ட பூனையும், பிரசவ வேதனையில் இருக்கும் பூனையும்கூட இப்படிக் குரல் எழுப்புவது உண்டு. ஆகவே மூலையில் ஒடுங்கி, சாப்பிடாமல் ‘குர்ர்ர்’ என்று கிடக்கும் பூனை சுகமாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது.

இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் காரென் மெக்கோம்பும் குழுவினரும் 2009-இல் இன்னொன்றைக் கண்டுபிடித்தார்கள். பசித்த பூனையின் கொஞ்சலுக்குள் குழந்தையின் அழுகையைப் போன்ற மெல்லிய குரல் ஒன்று கலந்திருக்கிறது. பூனையே வளர்க்காதவர்களும் அதைக் கேட்டு, “இது அவசரக் குரல்” என்று சொல்லிவிட்டார்கள்.

நள்ளிரவு அழுகை

சரி, படிக்குக் கீழே அழுகிற பூனைக்கு என்ன வந்தது? பெரும்பாலும் அது இணை தேடும் குரல். பெண் பூனை கூப்பிடும். கடுவன்கள் கூடி ஒன்றையொன்று மிரட்டும். குழந்தை அழுகைபோல் கேட்பது இதுதான். கருத்தடை செய்துவிட்டால் இந்த ஓலம் பெரும்பாலும் அடங்கிவிடும். குட்டியைக் காணாத தாயும் கத்தும். தண்ணீர் டிரம்முக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட குட்டியும் கத்தும். காது மந்தமான கிழட்டுப் பூனை காரணமின்றிக் கத்துவதும் உண்டு.

ஒரு குரலை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. கடுவன் பூனை அடிக்கடி குந்திக் குந்தி முக்கி, சிறுநீர் வராமல் கத்தினால், நீர் அடைத்துக்கொண்டது என்று பொருள். இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடலாம். உடனே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். மும்பைவாசிகளுக்குப் பரேலில் நூறாண்டைத் தாண்டிய பாய் சகர்பாய் தின்ஷா பெட்டிட் மிருக ஆஸ்பத்திரி இருக்கிறது.

சீறினால் விலகுங்கள்

குழந்தைகளுக்குக் கட்டாயம் சொல்லித்தர வேண்டிய குரல் ஒன்று உண்டு. காதை மடக்கி, முதுகை வளைத்து, ‘புஸ்’ என்று பூனை சீறினால், “கிட்டே வராதே” என்று அர்த்தம். அதை மீறிக் கை நீட்டினால் அடுத்தது நகமும் பல்லும்தான். வெறிநாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும். கடித்தாலோ பிறாண்டினாலோ மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல், குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

குரலை மட்டும் கேட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட முடியாது. 2003-இல் அமெரிக்காவில் பதிவு செய்த ‘மியாவ்’களை ஒலிக்கச் செய்து, எது எதற்கான குரல் என்று கேட்டபோது, பலரும் தடுமாறினார்கள். பூனையோடு பழகியவர்கள் கொஞ்சம் தேவலை. காதையும் வாலையும், அது நிற்கும் இடத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

அடுத்த முறை இரவில் பூனை அழுதால், செம்பை எடுப்பதற்கு முன் விளக்கைப் போட்டு என்னவென்று பாருங்கள். வீட்டில் படுத்திருப்பவரிடமும், “ஒன்றுமில்லை, குட்டியைத் தேடுகிறது” என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர் நிம்மதியாகத் தூங்குவார்.