முகாமில் பிறந்த பாட்டு

நிவாரண வரிசையில் நிற்பவரிடம் பங்கீட்டு அட்டையைக் கேட்கிறோம். அவருக்கு என்ன தெரியும் என்று கேட்க மறந்துவிடுகிறோம். தொண்டுப் பணியில் ஈடுபட்டுள்ள நம்மிடமுள்ள இக்குறையை, 2005இல் வெளிவந்த ஒரு விவரணப்படம் சுட்டிக்காட்டுகிறது. 'சியரா லியோனின் அகதி ஓல் ஸ்ரார்ஸ்' என்னும் இசைக்குழுவின் கதை அது.

மேற்கு ஆபிரிக்க நாடான சியரா லியோனில் 1991இல் மூண்ட உள்நாட்டுப் போர் 2002 வரை நீடித்தது. இலட்சக்கணக்கானோர் அயல்நாடான கினிக்கு ஓடினர். அவர்களுள் றூபன் கொறோமா என்னும் பாடகரும் அவரது மனைவி கிறேசும் இருந்தனர். முகாமொன்றில் பழைய நண்பர் ஃபிராங்கோவைக் கண்டதும் மூவரும் சேர்ந்து பாடத் தொடங்கினர். 2000இல் கினியிலும் அகதிகள் தாக்கப்பட்டனர். மறுபடியும் இடம்பெயர்ந்து செம்பக்குன்யா முகாமை அடைந்தனர். கனேடியத் தொண்டு நிறுவனமொன்று கொடுத்த பழைய கிற்றார்களும் ஓர் ஒலிவாங்கியுமே அவர்களது முதல். போரில் கையை இழந்த ஒருவரும் பெற்றோரை இழந்த ஓர் இளைஞனும் குழுவில் சேர்ந்தனர். கூடார வாழ்வையும் பிரிவையும் பாடினர். தம்மைப் பெரிய கலைஞர்கள் என்று எவரும் காட்டிக்கொள்ளவில்லை.

போர் முடிந்தபின், ஐ.நா. அகதிகள் அமைப்பு அவர்களைத் தலைநகர் ஃபிரீட்டவுனுக்கு அழைத்துச் சென்றது. குடியேறுவதற்காக அல்ல, முதலில் போய்ப் பார்த்து வருவதற்காக. ஊரைக் காணத் துடித்தோரும் இருந்தனர், அஞ்சியோரும் இருந்தனர். அஞ்சியவரைப் படம் பழிக்கவில்லை. அவர் பட்டதைக் கேட்டபின் நாமும் பழிக்கமாட்டோம். அங்கும் முகாமிலும் பதிவுசெய்த பாடல்கள் 2006இல் இசைத்தட்டாக வெளிவந்தன. பின்னர் பல நாடுகளில் அவர்கள் பாடினர்.

எல்லா முகாமுக்கும் இப்படியொரு புகழ் வராது. ஆனால் இரண்டு விடயங்கள் நமக்கும் பொருந்தும். மீள்குடியேற்றத் திகதியைப் பிறர் குறிக்குமுன், பெண்களும் முதியோரும் உட்பட நாமே போய்ப் பார்க்கவேண்டும். கிணற்றில் நீர் உண்டா, வரம்போரம் மிதிவெடி அகற்றப்பட்டதா, காணி உறுதி யார் கையில், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்டறிந்தபின் முடிவெடுப்போம். தயங்கும் குடும்பத்தை அவசரப்படுத்தாதிருப்போம்.

அடுத்தது, அதுவரையுள்ள காலத்தை வெறும் காத்திருப்பாக விடாதிருப்போம். பக்கத்துக் கொட்டிலில் மத்தளம் தெரிந்தவர் இருக்கலாம். விதைநெல் பிரித்தறியத் தெரிந்த ஆச்சி இருக்கலாம். அடுத்த முகாம் கூட்டத்தில் நாம் பேச்சைக் குறைத்துக்கொண்டு, முதலில் அவர்களைக் கேட்போம்.