வெள்ளம் பார்த்த வண்டி
மண் பாதைக்கு ஒரு வண்டி – தொடர் 6

ஆயர் ஈத்தாமில் பழைய ஃபோர் வீல் காடி வாங்கப் போகிறவர்கள் மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்று பார்ப்பது இருக்கட்டும். அந்த வண்டி 2006, 2007, 2023 ஆகிய ஆண்டுகளில் எங்கே நின்றது என்று முதலில் கேளுங்கள்.

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூரை அடுத்தடுத்து வெள்ளம் தாக்கியது. சிகாமாட், குளுவாங், மூவார், பத்து பஹாட் என்று மாநிலம் முழுவதும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் துயர்துடைப்பு மையங்களுக்குப் போனார்கள். 2023 மார்ச்சில் மீண்டும் அதே கதை. மற்ற மாவட்டங்களில் நீர் வடிந்த பிறகும் பத்து பஹாட், யோங் பெங் பக்கத்துத் தாழ்நிலங்களில் வாரக்கணக்கில் தேங்கிக் கிடந்தது. வீட்டு முன்னால் நின்ற வண்டிகளும் அதில்தான் நின்றன.

அந்த வண்டிகள் பிறகு என்ன ஆயின? இங்கேதான் காப்புறுதியின் கதை வருகிறது. மலேசியாவில் நாம் எடுக்கும் சாதாரண முழுக் காப்புறுதி வெள்ளச் சேதத்தை ஈடுகட்டாது. இயற்கைப் பேரிடருக்கான கூடுதல் பாதுகாப்பைத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். பதினைந்து, இருபது வயதான வண்டிக்கு அதை யார் சேர்க்கிறார்கள்? பலர் மூன்றாம் தரப்புக் காப்புறுதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஈட்டுத்தொகை கிடைக்காத உரிமையாளர் வண்டியைக் கழுவுகிறார், வெயிலில் காய வைக்கிறார், இருக்கை உறையை மாற்றுகிறார், விற்கிறார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவரும் நட்டப்பட்டவர்தான். ஆனால் அவருடைய நட்டம் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கக் கூடாது.

ஃபோர் வீல் வண்டிக்கு இந்த ஆபத்து மற்ற காடிகளைவிட அதிகம். சின்னக் காடி வைத்திருப்பவர் தண்ணீரைப் பார்த்தால் திரும்பிவிடுவார். ஃபோர் வீல் வைத்திருப்பவர் இறங்கிவிடுவார். வண்டி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடும், கெடுதல் அடியில் தங்கிவிடும். ஓடி ஓடிச் சூடேறிய அச்சு குளிர்ந்த நீரில் இறங்கியதும் டிஃபரன்ஷியல் பெட்டிக்குள் இருக்கும் காற்று சுருங்கும். மேலே உள்ள சின்ன மூச்சுக்குழாய் வழியாகவோ, தேய்ந்த ஆயில் சீல் வழியாகவோ அது தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து பால் காப்பி நிறமாகும். அந்தக் கலவையில் பல்சக்கரமும் பேரிங்கும் சில மாதம் ஓடினால் போதும், துரு பிடித்து ஊளையிட ஆரம்பிக்கும்.

ஆகவே சோதனையை அடியில் இருந்து தொடங்குங்கள். பின் டிஃப், முன் டிஃப், டிரான்ஸ்ஃபர் கேஸ் மூன்றிலும் எண்ணெய் நிரப்பும் மூடியைத் திறந்து விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல போமேனுக்கு அது சில நிமிட வேலை. பிறகு ஏர் ஃபில்டர் பெட்டி. அதன் அடியில் காய்ந்த வண்டல் இருந்தால் இஞ்சின் தண்ணீர் குடித்திருக்கலாம். தண்ணீர் குடித்த டீசல் இஞ்சினில் கனெக்டிங் ராட் இலேசாக வளைந்துகூட வண்டி ஓடும், ஆனால் எத்தனை நாளுக்கு என்று சொல்ல முடியாது. இருக்கை வார் ஒவ்வொன்றையும் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் அதை முழுவதும் இழுப்பதில்லை, சேற்றுக் கோடு அங்கே அப்படியே இருக்கும். இருக்கையைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளின் துரு, கம்பளத்துக்கு அடியில் வரும் ஊளை வாடை, ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்த செப்பு முனைகள் எல்லாம் பேசும்.

சேசிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்வதற்கு இந்த வட்டாரத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பத்து பஹாட் பக்கத்துத் தாழ்நிலங்களில் கரிமண்ணும் அமில மண்ணும் கலந்து கிடக்கின்றன. பாரிட் வெட்டி நீரை வடித்த இடங்களில் மண்ணில் உள்ள கந்தகக் கனிமம் காற்றுப் பட்டு அமிலமாகிறது. அந்தச் சேறு சேசிஸின் பெட்டி வடிவ இடுக்குகளில் அடைந்து கிடந்தால், மேலே சாயம் பளபளத்தாலும் உள்ளே இரும்பு தின்னப்பட்டுக்கொண்டே இருக்கும். அண்மையில் அடிப்பாகம் முழுவதும் தடித்த கருப்புப் பூச்சு அடித்த வண்டியைக் கண்டால் நான் ஒதுங்கிக்கொள்வேன். பாதுகாப்புக்கு அடித்தது என்பார்கள். எதை மூடியது என்று தட்டினால்தான் தெரியும்.

இவ்வளவு கறாராகப் பேசக் காரணம் இருக்கிறது. லேண்ட் ரோவர் அறிமுகமான அதே 1948-இல் மலாயாவில் அவசரகாலமும் தொடங்கியது. இராணுவமும் துரைமாரும் ரப்பர் தோட்டப் பாதைகளில் அந்த வண்டியில் போனார்கள். பால் மரம் சீவியவர்கள் வாளியோடு நடந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று சொந்தமாக நாலு ஏக்கரோ ஐந்து ஏக்கரோ செம்பனை போட்டு, குலையைப் பாதை வரை கொண்டுவர ஒரு வண்டி தேடுகிறார்கள். பல வருடம் சேர்த்த வெள்ளி அது. ஒரே வெள்ளத்தின் மிச்சத்துக்கு அது போய்விடக் கூடாது.

எந்த வண்டி என்று சென்ற வாரங்களில் விரிவாகப் பார்த்தோம். வெள்ளக் கண்ணோடு பார்த்தால் என் தீர்ப்பு இன்னும் உறுதியாகிறது. குலை ஏற்றுகிறவருக்கு, மின்னணுக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் ஹைலக்ஸ். பம்பும் நாசிலும் இயந்திர முறையில் ஓடுகிற இஞ்சின் அது, ஈரத்தில் கெட்டுப்போகக் கணினிப் பெட்டி கிடையாது. 2005-க்குப் பிறகு வந்த காமன் ரெயில் இஞ்சின் பலமானது, சிக்கனமானது; ஆனால் டீசலில் தண்ணீர் கலந்தால் இஞ்செக்டர்தான் முதல் பலி. 2019-இல் நம் டீசலில் பத்து விழுக்காடு செம்பனை பயோடீசல் கலக்கத் தொடங்கினார்கள். அது ஈரத்தை எளிதில் ஈர்க்கும். ஃபில்டருக்கு அடியில் உள்ள திருகைத் தளர்த்தித் தண்ணீரை அடிக்கடி வடித்துவிடுவதற்குச் செலவே இல்லை. மிட்சுபிஷி ஸ்டோர்ம் வாங்கினால் டைமிங் பெல்ட்டோடு பேலன்ஸ் பெல்ட்டையும் அன்றே மாற்றுங்கள். பழையவர் போன மாதம்தான் மாற்றினேன் என்று சொன்னாலும் மாற்றுங்கள்.

குலை ஏற்றாமல், தோட்டத்தைப் பார்த்து வரவும் மழையில் சறுக்காமல் வீடு சேரவும் மட்டும் வண்டி வேண்டும் என்றால் பெரோடுவா கெம்பாரா போதும். 1998-இல் வந்தது, 1.3 லிட்டர் பெட்ரோல், நான்கு சக்கரமும் எப்போதும் இழுக்கும். நான்கு டயரும் ஒரே அளவு, ஒரே தேய்மானமா என்று மட்டும் கவனியுங்கள். இரண்டு புது டயர், இரண்டு வழுக்கை டயர் என்று ஓட்டியிருந்தால் நடு டிஃபரன்ஷியல் அந்தப் பாரத்தைச் சுமந்திருக்கும்.

எரிபொருள் கணக்கையும் போட்டுவிடலாம். 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டில் இருந்து 3.35 ஆனது. அதற்குப் பிறகு விலை சந்தையோடு ஏறி இறங்குகிறது. தகுதி பெற்ற டீசல் வண்டி உரிமையாளர்களுக்கும் சிறுதோட்டக்காரர்களுக்கும் புடி மடானி திட்டத்தில் 2024-இல் மாதம் 200 ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. லிட்டருக்கு 1.20 கூடிய அந்தக் கணக்கில், மாதம் 166 லிட்டர் வரை அந்த உதவி ஈடுகட்டியது. உங்கள் தோட்டம் இருபது கிலோமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலும் அதைத் தாண்ட மாட்டீர்கள். வண்டிக்கான உதவி அதன் உரிமையாளர் பெயருக்குத்தான் வரும் என்பதால், அண்ணன் பேரில் இருக்கட்டும், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

பெயர் மாற்றத்துக்கு முன் பி5 பரிசோதனை உண்டு. அங்கே சேசிஸ் எண்ணையும் இஞ்சின் எண்ணையும் கிராண்டோடு ஒப்பிடுவார்கள். வெள்ளத்தில் போன இஞ்சினுக்குப் பதில் ஜப்பானில் இருந்து வந்த ஹாஃப் கட் இஞ்சினைப் போட்டுவிட்டு, ஜேபிஜேயில் பதியாமல் விட்ட வண்டி அங்கேதான் மாட்டும். முன்பணம் கொடுத்த பிறகு மாட்டுவதைவிட, கொடுக்கும் முன்னால் எண்ணை நீங்களே படித்துவிடுவது நல்லது.

கையில் இருக்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். வாங்கிய வாரத்திலேயே இஞ்சின், கியர், டிரான்ஸ்ஃபர், இரண்டு டிஃப் என்று எல்லா எண்ணெயும் மாற்ற வேண்டும். கூலண்ட், பெல்ட், பிரேக் எண்ணெய், புரொப்பெல்லர் ஷாஃப்ட் மூட்டுகளுக்குக் கிரீஸ் எல்லாம் அதோடு சேர்ந்தவை. ஒவ்வொரு முறையும் ஆழமான நீரில் இறங்கி வந்த பிறகு டிஃப் எண்ணெயை மறுபடி பாருங்கள்.

டிஃப் மூடியைத் திறக்க விடாத விற்பனையாளரிடம், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், வண்டி வாங்காதீர்கள்.

(அடுத்த வாரம்: பழைய டயரின் வயதைப் படிப்பது எப்படி?)